இரண்டு எடை மேடை, ஒரே கணக்கு: மல்டித்ரெடிங்கைத் தப்பில்லாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி மாதம் வந்தால் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டரும் லாரியும் ராத்திரி பகல் பாராமல் வரிசை கட்டும். பெரும்பாலும் பெங்களூரா லோடு. வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்பார்கள். அப்படி ஓர் ஆலைக்கு எடைச்சீட்டு போடும் சாஃப்ட்வேரை ஜாவாவில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே எடை மேடை இருந்தவரை ஒரு குறையும் வரவில்லை. கூட்டம் தாங்காமல் இரண்டாவது மேடை போட்டார்கள். நானும் மேடைக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்; பலவற்றை ஓட்டுவதுதான் மல்டித்ரெடிங்) என்று பிரித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, சீட்டையெல்லாம் கூட்டுனா ஒரு கணக்கு வருது, உன் ஸ்க்ரீன்ல வேற கணக்கு வருது. எது நெசம்?"

சீட்டுதான் நிஜம். ஒவ்வொரு சீட்டும் சரி, மொத்தம் மட்டும் தப்பு. அந்த ஒரு தப்பைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் ஜாவாவில் இருக்கும். வேறு மொழிக்காரர்களுக்கு எங்கே மாறும் என்பதைக் கடைசிக்குப் பக்கத்தில் சொல்கிறேன்.

படி 1: த்ரெட் உண்மையிலேயே வேண்டுமா?

முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். ஒரே ஆபரேட்டர் இரண்டு மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டால் அது கன்கரன்சி. மேடைக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வேலை பார்த்தால் அது பேரலலிசம். ஒரே ஒரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள கணினியிலும் கன்கரன்சி உண்டு. அங்கேயும் கணக்கு தப்பும். "என் சர்வரில் ஒரு கோர்தான், அதனால் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, உங்கள் நிரல் எதற்காக மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். டேட்டாபேஸ், நெட்வொர்க், பிரிண்டர் என்று எதற்கோ காத்துக் கிடக்கிறதா, இல்லை கணக்குப் போட்டே தீய்கிறதா? காத்திருப்பதுதான் பிரச்சினை என்றால் ஒரு கோரிலேயே பல த்ரெட் வைத்து நிறைய மிச்சம் பிடிக்கலாம். கணக்குத்தான் பிரச்சினை என்றால் கோர் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான்.

அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்னது அது. ஆலையின் மாதாந்திர அறிக்கைக்கு 10 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அதில் 8 நிமிடக் கணக்கைப் பிரித்துக் கொடுக்கலாம். 2 நிமிடம் ஒரே ஃபைலில் வரிசையாக எழுதியே ஆக வேண்டும். 4 கோர் போட்டால் 8 நிமிடம் 2 ஆகும், மொத்தம் 4 நிமிடம். இரண்டரை மடங்கு வேகம். 400 கோர் போட்டாலும் அந்த 2 நிமிடத்துக்குக் கீழே போகாது. த்ரெட் எழுத உட்காருமுன் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுவிடுங்கள். பல நேரம் அங்கேயே வேலை முடிந்துவிடும்: டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் போட்டாலே போதும் என்று தெரியவரும்.

படி 2: எதையெல்லாம் பகிர்கிறோம் என்று பட்டியல் போடுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். நானும் தாண்டித்தான் போனேன். த்ரெட் தொடங்குவதற்கு இரண்டு வரி போதும். கஷ்டமெல்லாம் பகிர்வதில்தான். ஒரு த்ரெட்டின் உள்ளூர் மாறிகள் அதன் சொந்தச் சொத்து, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆப்ஜெக்ட்களின் ஃபீல்டுகள், ஸ்டாட்டிக் மாறிகள், கேஷ், திறந்து வைத்த ஃபைல், இவையெல்லாம் பொதுச் சொத்து.

என் நிரலில் பொதுவாக இருந்தவை நான்கு: அன்றைய மொத்த எடை, அடுத்த சீட்டு எண், அன்றைய விலைப்பட்டியல், வியாபாரிகளின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் படிக்கிறார், யார் எழுதுகிறார் என்று குறித்தால் பாதி சிக்கல் அங்கேயே அவிழும்.

விலைப்பட்டியலைப் பாருங்கள். காலையில் ஒரு தடவை போடுவார்கள், அப்புறம் எல்லாரும் படிக்க மட்டும்தான் செய்வார்கள். மாறாத பொருளுக்குப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) வேண்டாம். விலை மாறினால் பழைய பட்டியலைத் திருத்தாமல் புதிதாக ஒரு பட்டியல் செய்து, அதைச் சுட்டும் மாறியை மட்டும் மாற்றுங்கள். அந்த மாறி 'வோலட்டைல்' ஆக இருக்கட்டும், ஒரு த்ரெட் மாற்றியது மற்றவற்றின் கண்ணில் படும். சீட்டு எண்ணுக்கு மேடைவாரியாக முன்னெழுத்து கொடுத்துவிட்டேன்: அ-1, அ-2, ஆ-1, ஆ-2. பகிர்வே போயிற்று. நான்கில் இரண்டு இப்படிக் கழிந்தது.

படி 3: காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

மீதி இருந்ததில் மொத்த எடைதான் குற்றவாளி. நிரலில் அது ஒரே வரி: மொத்தத்தோடு இந்த லோடைக் கூட்டு. பார்க்க ஒரு செயல் போல இருக்கிறது. கணினிக்கு அது மூன்று செயல்: படி, கூட்டு, எழுது. இரண்டு மேடையிலும் ஏறத்தாழ ஒரே நொடியில் லோடு ஏறினால் நடப்பது இது:

மேடை 1: மொத்தத்தைப் படிக்கிறது: 4,12,600
மேடை 2: மொத்தத்தைப் படிக்கிறது: 4,12,600
மேடை 1: 9,400 கூட்டி எழுதுகிறது: 4,22,000
மேடை 2: 7,150 கூட்டி எழுதுகிறது: 4,19,750

வர வேண்டியது 4,29,150. முதல் மேடையில் ஏறிய 9,400 கிலோ, ஒரு லாரி மாங்காய், ஸ்க்ரீனிலிருந்து காணாமல் போய்விட்டது. எர்ரர் வராது, நிரல் நிற்காது. இதற்குத்தான் ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

இதன் கெட்ட குணம், நெரிசல் இருந்தால்தான் தலைகாட்டும். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திச் சோதித்தபோது எனக்கு ஒரு தடவையும் வரவில்லை. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அவற்றில் சில விபத்துகளுக்குக் காரணம் இப்படியொரு ரேஸ் கண்டிஷன்தான். ஆபரேட்டர் கை பழகி, திரையில் உள்ளதை வேகமாகத் திருத்தும்போதுதான் அது வந்தது. மெதுவாகத் தட்டியவர்களுக்கு வரவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தப்பைக் கண்டுபிடிக்க நான் கூட்டும் வரிக்கு முன்னும் பின்னும் பிரிண்ட்எல்என் (திரையில் ஒரு வரி எழுதும் கட்டளை) போட்டேன். உடனே தப்பு மறைந்துவிட்டது! இரண்டு நாள் பைத்தியம் பிடித்தது. பிறகுதான் புரிந்தது: ஜாவாவின் பிரிண்ட்எல்என் உள்ளேயே ஒரு பூட்டு வைத்திருக்கிறது. அது என் இரண்டு த்ரெட்டையும் வரிசையில் நிறுத்திவிட்டது. அதனால், பிரிண்ட்எல்என் போட்டால் தப்பு போய்விடுகிறது என்றால் தப்பு சரியாகவில்லை, ஒளிந்திருக்கிறது.

படி 4: பூட்டு போடுங்கள், சிறியதாகப் போடுங்கள்

ஜாவாவில் 'சிங்க்ரனைஸ்டு' என்ற சொல்லைப் போட்டால் அந்தப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் போகும். மூன்று விதியை மனதில் வையுங்கள்.

ஒன்று, ஒரு மாறியைத் தொடும் எல்லா இடத்திலும் அதே பூட்டு. எழுதும் இடத்தில் பூட்டிவிட்டு, "படிக்கத்தானே செய்கிறோம்" என்று படிக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். பூட்டு இல்லாமல் படிக்கும் த்ரெட்டுக்குப் புது மதிப்பு எப்போது கண்ணில் படும் என்று ஜாவா எந்த உறுதியும் தருவதில்லை. 'நிறுத்து' என்று ஒரு பூலியன் மாறியை மாற்றியும் ஒரு த்ரெட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாறி வோலட்டைல் ஆக இல்லை என்பதுதான் காரணம். ஆனால் வோலட்டைல் போட்டால் கூட்டல் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது கண்ணில் படுவதைத்தான் உறுதி செய்யும். படி, கூட்டு, எழுது மூன்றையும் ஒன்றாகக் கட்டாது.

இரண்டு, பூட்டுக்கென்று தனியாக ஒரு ஃபைனல் ஆப்ஜெக்ட் வையுங்கள். பெரிய எழுத்தில் தொடங்கும் லாங் (Long) வகையில் மொத்தத்தை வைத்துக்கொண்டு அதன் மேலேயே பூட்டு போட்ட நிரலைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டலுக்கும் அது புது ஆப்ஜெக்ட் ஆகிவிடும். ஆளுக்கொரு கதவைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று, பூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவான வேலை செய்யாதீர்கள். ரேஸ் கண்டிஷனைச் சரி செய்த அவசரத்தில், சீட்டு அச்சடிப்பதையும் பூட்டுக்குள் வைத்துவிட்டேன். ஆலையில் இருந்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று பிரதி, கார்பன் காகிதம். முதல் மேடையின் சீட்டு கர்ர் கர்ர் என்று அடித்து முடியும்வரை இரண்டாவது மேடையின் திரை அப்படியே உறைந்து நின்றது. காகிதம் சிக்கிய அன்று இரண்டு மேடையும் நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்தது எனக்குப் போனில் கேட்டது. எண்ணை மட்டும் பூட்டுக்குள் மாற்றுங்கள். அச்சு, டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் வெளியே.

ஒற்றை எண்ணைக் கூட்டுவதற்குப் பூட்டே வேண்டாம். 'அட்டாமிக்லாங்' இருக்கிறது, ப்ராசஸரே அந்த மூன்று செயலையும் பிரிக்க முடியாத ஒன்றாகச் செய்து தரும்.

மேப் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தில் விழுவார்கள். ஹேஷ்மேப்பை எடுத்துவிட்டு, பல த்ரெட் ஒரே நேரத்தில் தொடக்கூடிய கன்கரன்ட்ஹேஷ்மேப் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று நினைப்பார்கள். அப்புறம் "இந்த வியாபாரி இருக்கிறாரா? இல்லையென்றால் சேர்" என்று இரண்டு வரி எழுதுவார்கள். ஒவ்வொரு வரியும் பாதுகாப்பானதுதான். இரண்டு வரிக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும். பார்ப்பதையும் செய்வதையும் ஒரே அழைப்பில் முடிக்கும் 'கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்', 'மெர்ஜ்' ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் அந்த மொத்தம் என்ற மாறியையே தூக்கிவிட்டேன். சீட்டெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. திரைக்கு மொத்தம் வேண்டும்போது அங்கே கூட்டிக் கேட்டால் போயிற்று. ஒரு நாளைக்குச் சில நூறு சீட்டு. கூட்டுவதற்கு நேரமே ஆகாது. இதை முதல் நாளே யோசித்திருந்தால் ஹாரன் சத்தம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

படி 5: இரண்டு பூட்டு வந்தால் வரிசை முக்கியம்

மிஞ்சியது வியாபாரிகளின் கணக்கு. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவருக்கு முன்பணம் மாற்றும் வசதி கேட்டார்கள். இரண்டு கணக்கும் மாறுவதால் இரண்டையும் பூட்ட வேண்டும். ஒரு த்ரெட் 12ஆம் எண்ணைப் பூட்டிக்கொண்டு 40க்குக் காத்திருக்கிறது. அதே நேரம் இன்னொன்று 40ஐப் பூட்டிக்கொண்டு 12க்குக் காத்திருக்கிறது. தோப்புக்குள் போகும் ஒற்றை வண்டித் தடத்தில் எதிரெதிரே வந்த டிராக்டர்கள் போல இரண்டும் நிற்கும். பின்னால் போக யாருக்கும் மனமில்லை. இதுதான் டெட்லாக்.

1971இல் கணினி ஆய்வாளர் காஃப்மனும் அவர் கூட்டாளிகளும் டெட்லாக் வர நான்கு நிலையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்: ஒன்றை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும், கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பார்கள், யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வரும். நான்கில் ஒன்றை உடைத்தால் போதும். நடைமுறையில் உடைக்க எளியது கடைசிதான். எப்போதும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு, பெரியதை அடுத்துப் பூட்டு. பணம் எந்தப் பக்கம் போனாலும் சரி, முதலில் 12, அப்புறம் 40. வட்டம் வராது.

வரிசை வைக்க முடியாத இடத்தில் 'ரீஎன்ட்ரன்ட்லாக்' என்ற பூட்டை எடுத்து, 'ட்ரைலாக்' என்று நேரம் வைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கையில் உள்ளதையும் விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி வாருங்கள். எவ்வளவு பொறுப்பது என்பதை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டு, ஒரே நேரத்தில் பிடித்து, அதையே செய்துகொண்டிருப்பார்கள். அன்லாக் செய்வது, எர்ரர் வந்தாலும் ஓடும் 'ஃபைனலி' பகுதியில்தான் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

படி 6: த்ரெட்டைக் கையால் உருவாக்காதீர்கள்

வேலை வரும்போதெல்லாம் புது த்ரெட் போட்டால், நெரிசல் நாளில் மெமரி தீரும். 64 பிட் லினக்ஸில் ஒரு ஜாவா த்ரெட்டின் ஸ்டாக்குக்கு (அதன் சொந்த மெமரிப் பகுதிக்கு) வழக்கமாக 1 எம்பி ஒதுக்கப்படுகிறது. 2004இல் ஜாவா 5 வந்தபோதே எக்ஸிகியூட்டர் என்ற த்ரெட் பூல் (முன்கூட்டியே உருவாக்கி, வேலை வரும்போது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் த்ரெட் கூட்டம்) வந்துவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

பூல் எத்தனை பேர் கொண்டதாக இருக்கலாம்? கணக்கு வேலை மட்டும் என்றால் கோர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில். காத்திருப்பு உண்டு என்றால் காத்திருக்கும் நேரத்தை வேலை நேரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, கோர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 4 கோர், 90 மில்லிசெகண்ட் காத்திருப்பு, 10 மில்லிசெகண்ட் வேலை என்றால் 4 × (1 + 9) = 40. இது தொடக்கப் புள்ளிதான். டேட்டாபேஸ் இணைப்பு 10தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் 40 பேரில் 30 பேர் அங்கே போய் வரிசையில் நிற்பார்கள்.

இதில் இரண்டு குழி இருக்கிறது. 'நியூஃபிக்ஸ்டுத்ரெட்பூல்' என்று வாங்கும் பூலின் வரிசைக்கு எல்லையே கிடையாது. வேலை முடிவதைவிட வேகமாக வந்தால் வரிசை வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் மெமரியை விழுங்கும். எல்லை உள்ள வரிசையோடு த்ரெட்பூல்எக்ஸிகியூட்டரை நீங்களே கட்டுங்கள். நிரம்பினால் வேலை கொடுத்தவனே அதைச் செய்யட்டும் என்று 'காலர்ரன்ஸ்பாலிசி' வையுங்கள். கொடுப்பவன் வேகம் தானாகக் குறையும்.

இரண்டாவது குழி இன்னும் மோசம். 'சப்மிட்' செய்த வேலைக்குள் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் எர்ரர்) வந்தால் லாகில் (நிரலின் பதிவுக் குறிப்பில்) ஒரு வரிகூட வராது. வேலையின் முடிவுக்கான ரசீது போலத் திரும்பி வந்த ஃப்யூச்சரில் 'கெட்' கேட்டால்தான் வெளியே வரும். யாரும் கேட்காவிட்டால் அந்த வேலை நடக்கவே இல்லை என்பதே தெரியாது. ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒரு ட்ரை-கேட்ச் வைத்து லாக் எழுதுங்கள்.

த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று பேச வேண்டுமென்றால் 'ப்ளாக்கிங்க்யூ' என்ற பொது வரிசை போதும். பிரிண்டர் கதையை நான் அப்படித்தான் முடித்தேன். இரண்டு மேடையும் சீட்டை வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும்; பிரிண்டருக்கென்று உள்ள ஒரே த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கும். காகிதம் சிக்கினால் சீட்டு தாமதமாகும், மேடை நிற்காது. 'வெயிட்' (தூங்கிக் காத்திரு), 'நோட்டிஃபை' (எழுப்பு) இரண்டையும் நேரடியாக எழுத நேர்ந்தால், நிபந்தனையை 'இஃப்' போட்டுச் சரிபார்க்காமல் 'வைல்' போட்டுச் சரிபாருங்கள். யாரும் எழுப்பாமலே த்ரெட் விழித்துக்கொள்வது உண்டு.

படி 7: உங்கள் மொழியில் என்ன மாறும்

பைத்தானின் வழக்கமான பதிப்பில் ஜிஐஎல் என்று ஒரு பெரிய பூட்டு இருப்பதால், ஒரு ப்ராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கோடை ஓட்டும். காத்திருக்கும் வேலைக்கு த்ரெட் உதவும். கணக்கு வேலைக்கு, தனித்தனி ப்ராசஸாகப் பிரிக்கும் மல்டிப்ராசஸிங்தான். ஜிஐஎல் இருப்பதால் கூட்டல் தப்பாது என்று மட்டும் நம்பாதீர்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் த்ரெட் மாறலாம். 3.10 முதல் வந்த பதிப்புகளில் சின்ன லூப்பில் இந்தத் தப்பு பெரும்பாலும் தெரியாது. அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13இல் ஜிஐஎல் இல்லாத பதிப்பையும் சோதனை முறையில் கொடுத்தார்கள். அங்கே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும்.

கோ மொழியின் எடை குறைந்த த்ரெட்டான கோரூட்டீன் சுமார் 2 கேபி ஸ்டாக்கில் தொடங்கும், லட்சக்கணக்கில் போடலாம். அவை சேனல் என்ற குழாய் வழியாகப் பேசும் வழக்கத்துக்கு 1978இல் கணினி விஞ்ஞானி டோனி ஹோர் எழுதிய சிந்தனைதான் வேர். ரஸ்ட்டில், பகிரக் கூடாததைப் பகிர்ந்தால் கம்பைலரே விடாது. பழக நாளாகும், பழகினால் நிம்மதி. ஜாவா 21இல், 2023 செப்டம்பரில், நிஜ த்ரெட்டின் மேல் ஏறி ஓடும் எடை குறைந்த வர்ச்சுவல் த்ரெட் நிலையாக வந்தது. அதற்குப் பூல் வேண்டாம், வேலைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் காத்திருந்தால், கீழே உள்ள நிஜ த்ரெட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாவா 24இல்தான் அது சரியானது.

எதை எடுத்தாலும் இரண்டாவது படியின் பட்டியல் மாறப்போவதில்லை.

படி 8: நெரிசலை நீங்களே உண்டாக்குங்கள்

8 த்ரெட் போடுங்கள். ஒவ்வொன்றும் 1,00,000 தடவை கூட்டட்டும். 'கவுன்ட்டவுன்லாட்ச்' என்ற தடுப்புக் கதவை வைத்து எல்லாரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுங்கள். முடிவில் 8,00,000 வர வேண்டும். முதலில் பூட்டு இல்லாமல் ஓட்டி, எண் குறைவதைக் கண்ணால் பாருங்கள். தப்பு வராத சோதனையை வைத்துக்கொண்டு, தப்பு சரியானதா என்று சொல்ல முடியாது. பிறகு பூட்டுடன் ஓட்டுங்கள், ஒரு தடவையோடு விடாமல் சில நூறு தடவை. கோ மொழியில் ரேஸ் டிடெக்டர் (ரேஸ் கண்டிஷனைக் கண்டுபிடிக்கும் கருவி) கூடவே வருகிறது. சி, சி++ எழுதுபவர்களுக்கு அதே வேலைக்கு த்ரெட்சானிட்டைசர் இருக்கிறது. இரண்டையும் சோதனைக்கு எப்போதும் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பெயர் வையுங்கள். 'பூல்-1-த்ரெட்-7' என்று லாகில் வந்தால் யாருக்கு என்ன புரியும்? 'மேடை-1', 'மேடை-2', 'பிரிண்டர்' என்றிருந்தால் கணக்குப்பிள்ளையே படித்துச் சொல்வார். நிரல் உறைந்துவிட்டால் அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஜாவாவோடு வரும் 'ஜேஸ்டாக்' ஓட்டி த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள், பத்துப் பத்து நொடி இடைவெளியில் மூன்று. மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால் அதுதான் இடம். டெட்லாக் என்றால், யார் எந்தப் பூட்டை வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறார் என்று ஜேஸ்டாக்கே கடைசியில் எழுதிக் கொடுத்துவிடும்.

அந்த ஆலையில் அதற்குப் பிறகு இரண்டு சீசன் போய்விட்டது, மொத்தம் தப்பவில்லை. கணக்குப்பிள்ளை இன்னும் தினம் சாயங்காலம் சீட்டுக் கட்டைப் பிரித்து கால்குலேட்டரில் ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. என் நிரலோடு ஒரு மாறியைக்கூடப் பகிர்ந்துகொள்ளாத சோதனை அது ஒன்றுதான்.